தூத்துக்குடியில் ஏற்றிய பெட்டி ஏன் இன்னும் கொழும்பு வழியாகவே போகிறது?

#1 நூல்கண்டு | திருப்பூர்

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஷிப்பிங் டாகுமெண்டேஷன் பார்க்கிறேன். எங்கள் சரக்கில் பெரும்பகுதி ஹாம்பர்க், ஆன்ட்வெர்ப், ஃபெலிக்ஸ்டோ போகும். கொஞ்சம் அமெரிக்கா.

எங்கள் முதலாளி டிவியில் கேரளாவின் விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பார்த்ததிலிருந்து ஒரே கேள்விதான். "24,000 பெட்டி ஏத்துற கப்பல் நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கமே வந்து நிக்குது. நாம எதுக்குய்யா இன்னும் கொழும்புல மாத்திக்கிட்டு இருக்கோம்?" அவர் கேட்பதில் தப்பில்லை. 2025 ஜூனில் எம்எஸ்சி ஐரினா என்ற கப்பல் அங்கே வந்து நின்றபோது நானும்தான் வாய் பிளந்து பார்த்தேன். ஆனால் அவருக்குச் சொல்ல என்னிடம் முழுப் பதில் இல்லை.

இந்தத் துறை பழக்கமில்லாதவர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி யார்டில் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு டிரெய்லர் திருப்பூர் வரும். ஃபேக்டரியில் கார்ட்டன்களை அடுக்கி, சீல் போட்டுச் சாயங்காலம் அனுப்பினால் தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை என்று ராத்திரி முழுக்க ஓடி விடியற்காலையில் தூத்துக்குடி. அங்கே கஸ்டம்ஸ் முடிந்து டெர்மினலுக்குள் போனால், பெரிய துறைமுகத்தில் கொண்டுபோய் விடுகிற சின்னக் கப்பலான ஃபீடர். கொழும்புக்கு ஒரு நாள் கூட ஆகாது. அங்கே இறங்கி, காத்திருந்து, மதர் வெசல் என்கிற பெரிய கப்பல் ஏறி ஐரோப்பா.

தாமதம் என்றாலே எல்லோரும் செங்கடலைக் காட்டுகிறார்கள். 2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதிகள் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் கப்பல்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. அதில் 10 முதல் 14 நாள் கூடியது. சரி, அது தெரிந்த தாமதம். துணி வாங்குகிற பையரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். என் தலைவலி வேறு. பெட்டி நகராமல் நிற்கிற இடங்கள் இருக்கிறதே, அங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒருவரும் சொல்வதில்லை. யார்டில், ஃபேக்டரி வாசலில், டெர்மினல் கேட்டில், கொழும்பில். இந்த நான்கு இடத்தைப் பற்றி உள்ளே வேலை பார்ப்பவர்கள் யாராவது எழுதினால் நன்றாயிருக்கும். விழிஞ்ஞம் வந்தால் இதில் எது குறையும்?

#2 ஹார்பர்_எஸ்டேட் | தூத்துக்குடி

கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் ரொம்ப காலமாக இருக்கிறேன். உங்கள் முதலாளிக்கு முதலில் ஆழத்தைச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி 1974-இலிருந்து பெருந்துறைமுகம். முதல் கண்டெய்னர் டெர்மினல் 1999-இல் வந்தது. ஆனால் இங்கே கப்பல் நிற்கிற இடத்து ஆழம் நீண்ட காலம் 12, 13 மீட்டரை ஒட்டியே இருந்தது. 20,000 பெட்டிக்கு மேல் ஏற்றிய மதர் வெசல் முழுப் பாரத்தோடு 16 மீட்டர் அளவுக்குத் தண்ணீரில் அமிழும். அது இங்கே எப்படி வரும்? 2024 செப்டம்பரில் திறந்த புதிய டெர்மினலுக்கு 14 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆழம் கிடைத்திருக்கிறது. நடுத்தரக் கப்பல்களுக்கு அது பெரிய உதவி. ஐரோப்பாவுக்கு ஓடுகிற ராட்சசக் கப்பல்களுக்குப் போதாது. வெளித்துறைமுகம் என்று 7,056 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது முடிந்து கப்பல் வரட்டும், அப்புறம் பேசலாம்.

கொழும்பில் சீனக் கம்பெனி நடத்துகிற டெர்மினலில் 2013-இலிருந்தே 18 மீட்டர் ஆழம். கிழக்கு மேற்குக் கப்பல் பாதையும் கிட்டத்தட்ட வாசலிலேயே போகிறது. விழிஞ்ஞத்துக்கும் இந்த இரண்டும் இருக்கின்றன. இயற்கையாகவே 18 முதல் 20 மீட்டர் ஆழம், பாதையிலிருந்து 10 கடல் மைல். இத்தனை நாள் இந்தியப் பெட்டிகளில் கப்பல் மாற வேண்டியவற்றில் முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர், போர்ட் கிளாங் என்று வெளிநாட்டில்தான் மாறிக்கொண்டிருந்தது. அதனால் விழிஞ்ஞம் நாட்டுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை.

ஆனால் திருப்பூர்க்காரருக்கு? அங்கே நடப்பது பெரும்பாலும் கப்பலிலிருந்து கப்பலுக்குப் பெட்டி மாற்றுகிற வேலை. ரயிலில் கொண்டுபோகலாம் என்றால், திட்டமிட்ட ரயில் இணைப்பு பாலராமபுரத்திலிருந்து 10.7 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி சுரங்கம். லாரியிலேயே கொண்டுபோய் இறக்கலாம் என்றால், திருப்பூரிலிருந்து அவ்வளவு தூரம் ஓடுகிற வாடகையில் ஃபீடர் காசு மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துவிடும்.

அதைவிட முக்கியமான சங்கதி, எந்தத் துறைமுகத்தில் மாற்றுவது என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை, நானும் செய்வதில்லை. கப்பல் லைன், அதாவது கப்பல் கம்பெனி முடிவு செய்கிறது. எந்த லைனில் புக் செய்வது என்பதைக்கூட கப்பல் கூலியைப் பையரே கொடுக்கிற எஃப்ஓபி வியாபாரத்தில் அவர் நியமித்த சரக்கு ஏஜென்டான ஃபார்வர்டர்தான் சொல்கிறார். விழிஞ்ஞத்தில் அதிகம் நிற்பது எம்எஸ்சி என்ற லைனின் கப்பல்கள். உங்கள் பையரின் ஃபார்வர்டர் வேறு லைனோடு வருட ஒப்பந்தம் போட்டிருந்தால் விழிஞ்ஞம் உங்கள் ஊர்ப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான், ஆர்க்டிக்கில் இருந்தாலும் ஒன்றுதான்.

#3 முத்துக்குளி | ராமநாதபுரம்

சேதுக் கால்வாயை 2005-இல் ஆரம்பித்தபடி முடித்திருந்தால் கொழும்பு என்ற பேச்சே எழுந்திருக்காது. கெடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

#4 ஹார்பர்_எஸ்டேட் | தூத்துக்குடி

அண்ணே, யார் கெடுத்தார்கள் என்பதை விடுங்கள். அந்தக் கால்வாய்க்குத் திட்டமிட்ட ஆழமே 12 மீட்டர். சின்னக் கப்பல்கள் தூத்துக்குடியிலிருந்து சென்னை போக இலங்கையைச் சுற்றாமல் இருந்திருக்கலாம். நாம் இங்கே பேசுகிற ஐரோப்பாக் கப்பல் அதில் நுழையவே நுழையாது.

#5 நிர்வாகி

சேதுவுக்குத் தனி இழை இருக்கிறது, 40 பக்கம் ஓடிவிட்டது. அங்கே போய் எழுதுங்கள். இங்கே சரக்கு.

#6 சங்ககிரி_வண்டிக்காரர் | சங்ககிரி

நான்கு இடம் என்று கேட்டீர்களே, முதல் இரண்டை நான் சொல்கிறேன். சொந்த டிரெய்லர்கள் தூத்துக்குடி லைனில் ஓடுகின்றன.

யார்டில் என்ன நடக்கிறது? லைன் கொடுத்த ரிலீஸ் ஆர்டரைக் காட்டினால் ஏதோ ஒரு பெட்டியைக் காட்டுவான். டிரைவர் உள்ளே ஏறி, வெளியே ஆளை வைத்து இரண்டு கதவையும் சாத்தச் சொல்லுவார். உள்ளே கும்மிருட்டாக இருக்க வேண்டும். கூரையில் குண்டூசி அளவு வெளிச்சம் தெரிந்தால்கூட அந்தப் பெட்டி துணிக்கு ஆகாது, கடலில் தண்ணீர் இறங்கிவிடும். அப்புறம் மோந்து பார்க்க வேண்டும். தூத்துக்குடிக்கு வருகிற இறக்குமதியில் கழிவுக் காகிதம், மரம், முந்திரிக்கொட்டை எல்லாம் உண்டு. முந்தின சரக்கின் வாடை தரைப் பலகையில் ஊறிக் கிடக்கும். வெள்ளை டீ-ஷர்ட் ஏற்றினால் ஹாம்பர்க்கில் திறக்கும்போது என்ன மணக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி என்று மாற்றச் சொல்லி நிற்பதிலேயே அரை நாள் போய்விடும். சில டிரைவர்கள் அலுத்துப்போய்க் கிடைத்ததை எடுத்து வருவார்கள். ஃபேக்டரியில் ரிஜெக்ட் செய்தால் வண்டி திரும்பவும் தூத்துக்குடி. டீசல் யார் தலையில்?

இரண்டாவது இடம் உங்கள் வாசல். காலை எட்டு மணிக்கு வண்டி வேண்டும் என்று ஃபோன் மேல் ஃபோன். வந்து நின்றால் செக்கிங் முடியவில்லை, அயர்னிங் முடியவில்லை, பாலிபேக் வரவில்லை, தரம் பார்க்கிற பையர் க்யூசி ஆள் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு ஏற்றி, "காலையில கேட் கட்டாஃப், எப்படியாவது போயிருப்பா" என்பார்கள். கட்டாஃப் என்றால் அந்தக் கப்பலுக்கு டெர்மினல் பெட்டி வாங்குகிற கடைசி நேரம். பகல் முழுக்க வெயிலில் கேபினில் கிடந்தவன் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டணும். மதுரை தாண்டி விடியற்காலையில் நடக்கிற விபத்துக்கெல்லாம் காரணம் தேடி ஒரு கமிட்டியும் போட வேண்டாம்.

பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஜிஎஸ்டி வந்து மாநில எல்லை செக்போஸ்ட் வரிசை போனது உண்மையிலேயே விடிவுகாலம். ஃபாஸ்டாக் 2021 பிப்ரவரியில் கட்டாயமான பிறகு டோலில் சில்லறைச் சண்டை இல்லை. ஆனால் சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில் இருக்கிறதே, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. உங்கள் கிளார்க் காலையிலேயே வண்டி நம்பரைப் போட்டு எடுத்துவிடுவார், சரக்கு ஏறுவது ராத்திரி. வழியில் டயர் வெடித்தாலோ தூத்துக்குடியில் வரிசை நீண்டாலோ கெடு முடிந்துவிடும். முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த கிளார்க் ஃபோன் எடுப்பார்?

2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது எங்கள் வண்டி ஒன்று தூத்துக்குடிக்கு வெளியே சரக்கோடு நின்றது. ரோடு போய்விட்டது. அன்றைக்கும் ஒரு ஃபேக்டரியிலிருந்து ஃபோன் வந்தது, கட்டாஃப் போய்விடும் என்று.

#7 கொட்டாஞ்சேனை | கொழும்பு

வணக்கம். நான் கொழும்பில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் ட்ரான்ஷிப்மென்ட் பகுதியில் இருக்கிறேன். உங்கள் நான்காவது இடம் எங்களுடையது. ஆகவே நான்தான் பதில் சொல்ல வேணும்.

இந்தியாவில் இருந்து கதைப்பவர்கள் கொழும்பை ஒரே துறைமுகம் என்று நினைக்கிறார்கள். உள்ளே வெவ்வேறு முனையங்கள். அரசாங்கத்தின் ஜய முனையம், எஸ்ஏஜிடி, சீனர்களின் சிஐசிடி, கிழக்கு முனையம், 2025 ஏப்ரலில் தொடங்கிய மேற்கு முனையம். (அந்த மேற்கு முனையத்திலும் விழிஞ்ஞத்திலும் இருப்பது ஒரே இந்தியக் குழுமம், அதானி. முதலாளியிடம் அதையும் சொல்லுங்கள், ரசிப்பார்.) தூத்துக்குடி ஃபீடர் ஒரு முனையத்துக்கு வரும், உங்கள் மதர் வெசல் வேறு முனையத்தில் நிற்கும். இடையில் கொன்டெய்னர் லொறியில் போக வேணும். அந்த லொறிக்கு நேரம் எடுத்து, அங்கே யார்டில் இடம் எடுத்து, மதர் வெசலில் ஏற்ற வேண்டியவற்றின் பட்டியலான லோட் லிஸ்டில் பெயர் வந்து, பிறகுதான் ஏறும். ஃபீடர் ஆறு மணித்தியாலம் பிந்தினால் அந்தச் சங்கிலி முழுக்க அறுந்து அடுத்த வாரக் கப்பலுக்குத் தள்ளப்படும். ஆறு மணித்தியாலம் ஏழு நாளாவது இப்படித்தான்.

2024-இல் சரியான நெருக்கடி. ஆப்பிரிக்காவைச் சுற்றி வருவதால் கப்பல்கள் அட்டவணைப்படி வரவில்லை. ஒரு வாரம் ஒன்றும் வராது, அடுத்த வாரம் மூன்று சேர்ந்து வந்து வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். யார்டு நிரம்பினால் கிரேன் ஒரு கொன்டெய்னரை எடுக்க மேலே உள்ள மூன்றை நகர்த்த வேணும். வேலை இன்னும் மெதுவாகும். அந்த வருடம் 20 அடிக் கணக்கில் சுமார் 78 லட்சம் கொன்டெய்னர்கள் கையாண்டோம், அதில் பெரும்பங்கு இப்படி மாற்றி ஏற்றுபவை.

ஒன்று மட்டும் சொல்ல விரும்புகிறேன். எரிபொருள் வரிசையில் நாங்கள் நாட்கணக்காக நின்ற 2022-இலும் இந்தத் துறைமுகம் நிற்கவில்லை. லைன்கள் கொழும்பை விடாமல் இருப்பதற்கு ஆழம் மட்டும் காரணமில்லை. பல லைன்கள் ஒரே இடத்தில் வருவதால், ஒரு கப்பலைத் தவறவிட்டால் இன்னொன்று கிடைக்கும். புதிய துறைமுகத்தில் கிரேன் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அந்தக் கூட்டம் சேரக் காலம் எடுக்கும்.

#8 தரவு_தம்பி | பெங்களூரு

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. எல்லாமே தகவல் பிரச்சினை. லாரி எங்கே, பெட்டி எங்கே, கப்பல் எங்கே என்று எல்லோரும் ஒரே திரையில் பார்த்தால் பாதி தாமதம் காணாமல் போய்விடும். பிளாக்செயினில் ஆவணங்களைப் போட்டு, ஏஐ-யை வைத்து வருகை நேரத்தைக் கணித்தால் போதும். எங்கள் துறையில் இப்போது இதற்குத்தான் முதலீடு வருகிறது.

#9 ஹார்பர்_எஸ்டேட் | தூத்துக்குடி

தம்பி, அந்தப் படத்தை நாங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018-இல் டிரேட்லென்ஸ் என்று ஆரம்பித்தார்கள். பிளாக்செயின், ஒரே திரை, எல்லாம் நீங்கள் சொல்வதேதான். உலகத்திலேயே பெரிய லைன்களில் ஒன்றும் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியும். 2022 நவம்பரில் மூடுகிறோம் என்று அறிவித்தார்கள், 2023 தொடக்கத்தில் கடையைக் கட்டினார்கள். தொழில்துறை முழுதும் சேர்ந்து வரவில்லை என்று அவர்களே சொன்னார்கள். தன் வாடிக்கையாளர் விவரத்தை எதிர்க் கடைக்காரர் சொந்தமாக வைத்திருக்கிற பெட்டியில் எவன் போடுவான்?

எங்கள் வேலையை மாற்றியது எது தெரியுமா? இ-சீல். 2017 வரை ஃபேக்டரியில் பெட்டி அடைக்க வேண்டுமென்றால் சென்ட்ரல் எக்சைஸ் அதிகாரி நேரில் வர வேண்டும். அவருக்கு கார் அனுப்ப வேண்டும், அவர் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும், லீவு நாளென்றால் அம்போ. ஜிஎஸ்டி வந்த வருடக் கடைசியில் ஏற்றுமதியாளரே ரேடியோ சிப் வைத்த ஆர்எஃப்ஐடி சீல் போட்டு, அதன் நம்பரை கஸ்டம்ஸுக்குக் கொடுக்கிற ஷிப்பிங் பில்லோடு சேர்த்து ஏற்றிவிடலாம் என்று ஆனது. துறைமுகத்தில் ரீடர் வைத்துப் படிப்பார்கள். உடைக்காமல் இருந்தால், சந்தேகம் எதுவும் இல்லையென்றால், பெட்டியைத் திறக்காமல் லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர், அதாவது ஏற்றுமதி அனுமதி. ஒரு சீல் சில நூறு ரூபாய். அதற்கு மேல் நேரே துறைமுகத்துக்குள் நுழைகிற டிபிஇ வசதி. துறைமுகத்துக்கு வெளியே இருக்கிற சரக்கு நிலையமான சிஎஃப்எஸ்ஸில் இறக்கி ஏற்றுகிற செலவும் ஒரு நாளும் மிச்சம்.

அதே 2017, 18-இல் இன்னொரு கூத்தும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஏற்றுமதிக்குக் கட்டிய ஐஜிஎஸ்டி வரியின் ரீஃபண்ட் எல்லாம் ஆன்லைன் என்றார்கள். ஜிஎஸ்டி ரிட்டர்னில் இன்வாய்ஸ் நம்பர் ஒரு மாதிரி, ஷிப்பிங் பில்லில் ஒரு மாதிரி. நடுவில் ஒரு சாய்கோடு விட்டுப்போனால் சிஸ்டம் எஸ்பி005 என்று பிழை காட்டி நிறுத்திவிடும். அந்தச் சாய்கோட்டுக்காக லட்சக்கணக்கில் பணம் மாட்டிக்கொண்டு சம்பளம் போட முடியாமல் தவித்த சின்ன யூனிட்டுகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முன்பாவது ஆபீஸருக்கு முன்னால் நின்று கெஞ்சலாம். சாஃப்ட்வேரிடம் எங்கே போய் நிற்பது?

சரக்குக்குக் கப்பல் லைன் கொடுக்கிற ரசீதான பில் ஆஃப் லேடிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னமும் காகித ஒரிஜினலை கூரியரில் அனுப்புகிறோம். நம் நாட்டில் அதற்கான சட்டம் 1856-ஆம் ஆண்டினுடையது, 2025-இல்தான் புதிது வந்தது. பெரிய லைன்கள் ஒன்பது சேர்ந்து 2030-க்குள் முழுக்க மின்னணுவாக்குகிறோம் என்று 2023-இலேயே அறிவித்துவிட்டன. அதில் வேலை செய்யுங்கள் தம்பி, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

#10 ஓவர்லாக்_அக்கா | திருப்பூர், அனுப்பர்பாளையம் பக்கம்

சின்ன யூனிட் நடத்துகிறேன். பெரிய கம்பெனிகள் முழுக் கண்டெய்னர் கணக்குப் பேசுகிறீர்கள். எனக்கு ஒரு ஆர்டருக்கு அரைப் பெட்டி வந்தால் அதிகம். பலர் சரக்கை ஒரே பெட்டியில் சேர்க்கிற எல்சிஎல்லில் போட்டால் தூத்துக்குடி குடோனில் மற்றவர்கள் சரக்கு வந்து சேருகிற வரை என் சரக்கு உட்கார்ந்திருக்கும். பக்கத்துக் கார்ட்டன்காரருடைய பேப்பரில் கோளாறு என்றால் என் சரக்கும் நிற்கும். நூல்கண்டு தம்பி சொன்ன நான்கு இடத்தோடு இதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாமதம் என்றால் பெரியவர்களுக்குப் பையரிடம் மன்னிப்பு மெயில். எங்களுக்கு ஏர். "சொன்ன தேதிக்குக் கடையில் துணி இருக்க வேண்டும், உங்கள் செலவில் விமானத்தில் அனுப்புங்கள்." ஒரு ஷிப்மெண்ட் ஏர் போனால் அந்த சீசன் லாபம் முழுதும் வானத்தில் போய்விட்டது என்று அர்த்தம். பையருடைய ஃபார்வர்டர் புக் செய்த கப்பல் கொழும்பில் பெட்டியை விட்டுவிட்டுப் போனால் அது யார் குற்றம்? ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது. எஃப்ஓபி என்றால் கப்பலில் ஏற்றியதோடு என் பொறுப்பு முடிந்தது என்று புத்தகத்தில் இருக்கிறது. அடுத்த ஆர்டர் வேண்டுமென்றால் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியதுதான்.

2025 ஆகஸ்டை மறக்க முடியுமா? அமெரிக்கா 50 சதவீத வரி, ஆகஸ்ட் 27-இலிருந்து. அதற்கு முன் கப்பல் ஏறிவிட வேண்டும் என்று திருப்பூரே ராத்திரி பகலாக ஓடியது. கப்பல் ஏறினால் மட்டும் போதாது, செப்டம்பர் 17-க்கு முன்பே அங்கே போய் இறக்குமதிப் பதிவும் ஆக வேண்டும் என்று அப்புறம்தான் பலருக்குத் தெரிந்தது. கொழும்பில் மாறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, நியூயார்க் மூன்று வாரத்தில் எப்படிப் போகும்? தைத்த துணியை அடுக்கி வைத்துவிட்டு, பையர் தள்ளுபடி கேட்டு ஃபோன் செய்வதற்காகக் காத்திருந்தோம்.

#11 தரவு_தம்பி | பெங்களூரு

சரி, அடி பலமாகத்தான் விழுந்தது. ஆனால் ஒரு கேள்வி. சங்ககிரி அண்ணன் சொன்ன காலிப் பெட்டி விஷயம். தூத்துக்குடியிலிருந்து பெட்டி காலியாகத் திருப்பூர் வருகிறது. அதே நேரம் இறக்குமதிப் பருத்தியும் கழிவுக் காகிதமும் நிறைந்த பெட்டிகள் கோயம்புத்தூர், உடுமலைப் பக்கம் வந்து, இறக்கிவிட்டுக் காலியாகத் தூத்துக்குடி திரும்புகின்றன. இரண்டையும் இணைத்தால் ஒரு வழி ஓட்டம் மொத்தமாக மிச்சமாகுமே. ஏன் செய்வதில்லை?

#12 சங்ககிரி_வண்டிக்காரர் | சங்ககிரி

நல்ல கேள்வி தம்பி, இப்போதுதான் வழிக்கு வந்திருக்கிறீர்கள். சில பேர் செய்கிறார்கள். ஆனால் பெட்டி லைனுடையது. இறக்குமதி வந்த லைனும் ஏற்றுமதி புக்கிங் லைனும் ஒன்றாயிருக்க வேண்டும். 20 அடியா 40 அடியா என்பது பொருந்த வேண்டும். யார்டுக்குத் திருப்பாமல் அப்படியே எடுத்துக்கொள்ள லைன் சம்மதிக்க வேண்டும், பெட்டியில் ஓட்டையோ அடியோ இருந்தால் யார் கொடுப்பது என்று முன்கூட்டியே பேச வேண்டும். பருத்தி வந்த பெட்டி துணிக்குத் தங்கம், பஞ்சைக் கூட்டிவிட்டால் போதும். காகிதம் வந்தது ஆகாது, முன்பே சொன்னேன். எந்த மில்லில் என்றைக்கு எந்த லைன் பெட்டி காலியாகிறது என்று இன்றைக்கு நாங்கள் வாட்ஸப் குரூப்பில் கத்திக் கத்தித்தான் கண்டுபிடிக்கிறோம். உங்கள் ஆப் அதைச் செய்யட்டும். ஏஐ எல்லாம் வேண்டாம், ஒரு பட்டியல் போதும்.

ஓவர்லாக் அக்கா, ஹால்டிங் விஷயத்தில் எங்களுக்கும் உங்கள் கதைதான். வண்டி உங்கள் வாசலில் நின்றதற்குக் காசு கேட்டால் அடுத்த லோடு வேறு டிரான்ஸ்போர்ட்டுக்குப் போய்விடும். கப்பல்காரன் பெட்டிக்கு ஒரு நாள் பிந்தினாலும் டாலரில் டிடென்ஷன் என்று தாமதக் கட்டணம் போடுகிறான், யாரும் முனகாமல் கட்டுகிறார்கள்.

#13 கொட்டாஞ்சேனை | கொழும்பு

அக்கா சொன்ன வரி முக்கியமானது. நாங்கள் பார்க்கும் விஷயம் ஒன்று: புக்கிங் கன்ஃபர்மேஷனில் பல பேர் ஃபீடரின் பெயரை மட்டும் பார்க்கிறார்கள். இரண்டாவது கப்பல் எது, அது கொழும்பில் எந்த முனையம், ஃபீடர் வருவதற்கும் அது புறப்படுவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் ஃபார்வர்டர் சொல்லித்தான் ஆக வேணும். இடைவெளி ஒரு நாள் மட்டும் என்றால் அது கடுதாசியில் மட்டும் நடக்கிற கனெக்ஷன். மூன்று நான்கு நாள் இருந்தால் நம்பலாம். பார்க்கும்போது பயண நாள் கூடுதலாகத் தெரியும், ஆனால் சொன்ன நாளுக்குப் போய்ச் சேரும்.

ஃபீடர் கொழும்பை அடைந்த பிறகு லோட் லிஸ்டில் உங்கள் கொன்டெய்னர் இருக்கிறதா என்று ஃபார்வர்டரை விட்டு ஒரு முறை கேட்பிக்கவும். விடுபட்டால் அன்றைக்கே தெரிந்தால் வேறு கப்பல் தேட முடியும். ஹாம்பர்க்கில் கப்பல் வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

#14 நூல்கண்டு | திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. முதலாளியிடம் நேற்றுப் பேசினேன். விழிஞ்ஞத்தைப் பற்றி ஹார்பர் அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். "அப்ப நம்ம கையில ஒண்ணுமே இல்லையா?" என்றார். கப்பல் லைனும் செங்கடலும் நம் கையில் இல்லை, வாசலில் நிற்கிற வண்டி நம் கையில் இருக்கிறது என்றேன். முகம் மாறிவிட்டது.

முடிவானது இவ்வளவுதான். பேக்கிங் முடிந்து க்யூசி கையெழுத்து ஆன பிறகே வண்டிக்குச் சொல்வது. அதற்காக சரக்கு வெளியேற வேண்டிய எங்கள் எக்ஸ்-ஃபேக்டரி தேதியை ஒரு நாள் முன்னால் இழுத்திருக்கிறோம், புரொடக்‌ஷன் மேனேஜர் என்னைப் பார்த்தாலே முறைக்கிறார். இ-வே பில் சரக்கு ஏறிய பிறகுதான் எடுக்கப்படும், ராத்திரி ஃபோன் எடுக்க முறை வைத்து ஒரு ஆள். குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் வண்டி நின்றால் ஹால்டிங் கொடுப்பது, இதற்கு முதலாளி இன்னும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புக்கிங்கில் இரண்டாவது கப்பலையும் இடைவெளியையும் எழுதி பையருக்கே அனுப்பிவிடப் போகிறேன். நாளைக்கு அவருடைய ஃபார்வர்டர் கோட்டை விட்டால் பேச ஒரு மெயிலாவது இருக்கும்.

#15 ஓவர்லாக்_அக்கா | திருப்பூர், அனுப்பர்பாளையம் பக்கம்

அந்த மெயிலை அனுப்பும்போது பையருக்கு மட்டும் அனுப்பாதீர்கள் தம்பி, அவர்களுடைய இங்கத்திய பையிங் ஆபீஸையும் காப்பியில் போடுங்கள். ஏர் கேட்கிற ஃபோன் அங்கிருந்துதான் வரும்.

#16 சங்ககிரி_வண்டிக்காரர் | சங்ககிரி

ஹால்டிங் எத்தனை மணி நேரத்துக்கு மேல்? அதைச் சொல்லாமல் போய்விட்டீர்களே.

#17 நூல்கண்டு | திருப்பூர்

ஆறு மணி நேரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் அண்ணே. அவர் பென்சிலால் அடித்து எட்டு என்று போட்டு வைத்திருக்கிறார். திங்கட்கிழமை மறுபடி பேச வேண்டும்.